ஈசிஆரில் கடல் நீலமாக மின்னியதாமே, எனக்கு மட்டும் ஏன் சுண்ணாம்புத் தண்ணீராகத் தெரிந்தது?

வேளச்சேரி வாத்து:

வணக்கம் மக்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி, அதாவது 2024 அக்டோபர் 18, எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கடற்கரைப் படங்களைப் போட்டார். அலை முழுக்க நீலம், கேஸ் அடுப்புச் சுடர் மாதிரி நீலம். அப்போதே மணி பத்தரை. அந்த வாரம் முழுக்க மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம், காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தியிருந்தோம் (எங்கள் பகுதி ஆட்களுக்குப் புரியும்). சரி, நல்லதாக ஒன்றையாவது பார்ப்போம் என்று வீட்டுக்காரர், மாமியார், இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன் என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு நீலாங்கரை பக்கம் போனோம். திருவிழாக் கூட்டம். ஆளாளுக்குச் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பார்த்தால், அலை உடையும் இடத்தில் வெளிறிப்போய் ஒரு பளிச். அவ்வளவுதான். சுண்ணாம்புத் தண்ணீரைக் கலக்கிவிட்ட மாதிரி இருந்தது. நீலம் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன். பையன் போன மாதம்தான் லைஃப் ஆஃப் பை பார்த்திருந்தான், அதில் ராத்திரிக் கடல் முழுக்க ஒளிர்ந்து நடுவில் திமிங்கிலம் எழும்பும் இல்லையா, அந்த நினைப்பிலேயே வந்தவன் "அம்மா, இது ரிப்பேரா?" என்று கேட்டான். மாமியார் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

அந்தப் படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்ததா? இல்லை என் கண்ணில் கோளாறா? இன்னொன்று, ஒரு தண்ணீர் பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்துவந்து குளியலறை விளக்கை அணைத்துவிட்டுக் குலுக்கினோம். நிஜமாகவே மினுக்கியது, கடற்கரையில் பார்த்ததைவிட நன்றாகவே! ஏழெட்டு முறை குலுக்கியதும் மங்கிவிட்டது, மறுநாள் ராத்திரி ஒன்றுமே இல்லை. ஏன்? அப்புறம், அந்தத் தண்ணீரில் பையன் கையைக் காலை விட்டு விளையாடிவிட்டான், பயப்பட வேண்டுமா?

மூணாவது லென்ஸ்:

படமும் பொய் இல்லை, உங்கள் கண்ணும் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போன நாள்தான் சரியில்லை.

அக்டோபர் 17 பௌர்ணமி. நீங்கள் போனது மறுநாள், அதுவும் பதினொரு மணிக்கு மேல், நிலா உச்சிக்கு ஏறியிருக்கும் நேரம். மேகம் இருந்தாலும் வானம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளிச்சம் பரவியிருக்கும். அதோடு ஈசிஆர் தெருவிளக்கு, கூட்டத்தின் டார்ச். இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரே ஒரு முறை யாராவது டார்ச்சை முகத்தில் அடித்தால் பழகியது போச்சு, மறுபடி முதலில் இருந்து. நீங்களே வாட்ஸ்அப் படத்தையும் கடலையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

அடுத்தது நிறம். மங்கலான வெளிச்சத்தில் நாம் பார்ப்பது கண்ணின் கோல் செல்களால். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிறம் பார்க்கும் கூம்பு செல்களுக்கோ அந்த வெளிச்சம் போதாது. அதனால் நீல ஒளி வந்தாலும் மூளைக்குப் போகும் செய்தி "ஏதோ வெளுப்பாக மினுங்குது" என்பதுதான். கேமராவுக்கு இந்தக் குறை கிடையாது. நான் எடுத்த படங்களில் ஷட்டரை எட்டுப் பத்து விநாடி திறந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு மினுக்கும் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து விநாடியில் வந்த அத்தனை மினுக்கும் ஒரே படத்தில் குவிந்துவிடும். புதுப் போன்களின் நைட் மோடும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு மேல் நீலத்தை இன்னும் ஏற்றிப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கேஸ் அடுப்பு நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

குளியலறையில் நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே நிலா இல்லை.

தெருமுனைத் தத்துவம்:

எல்லாம் சரி, யாரும் உண்மையைப் பேச மாட்டீர்களா? ஆலைக் கழிவைக் கடலில் விட்டால் கடல் மின்னத்தான் செய்யும். பாஸ்பரஸ்! அதைப் போய்க் குழந்தை குட்டியோடு செல்ஃபி எடுக்கிறோம். தலைவர்கள் வேறு ஃப்ளோரசன்ட் அலைகள் என்று பதிவு போடுகிறார்கள்.

பிளாங்க்டன் அக்கா:

கடல் உயிரியல் முதுகலை, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், வாரத்தில் மூன்று நாள் நுண்ணோக்கியோடுதான் வாசம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், தத்துவத்துக்கும் சேர்த்து.

பாஸ்பரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. பழைய புத்தகங்களில் பாஸ்பரஸ் ஒளி என்று எழுதிப் பழகிவிட்டார்கள், அந்தக் குழப்பம் இன்னும் போகவில்லை. ஃப்ளோரசன்ட் என்பதும் தப்பு. அது வெளியில் இருந்து ஒரு ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருவது. இங்கே நடப்பது உயிரொளிர்வு, உயிர் தானே தனக்குள் வேதிவினை நடத்தி ஒளியை உண்டாக்குகிறது. சென்னைக் கரையில் 2019 ஆகஸ்ட் 18 ராத்திரி மின்னியதே, திருவான்மியூர், பாலவாக்கம், பெசன்ட் நகர் என்று ஊரே போய் நின்றதே, அப்போது காரணம் என்று சொல்லப்பட்ட ஆளின் பெயர் நாக்டிலூக்கா சின்டில்லன்ஸ். லத்தீனில் நாக்டிலூக்கா என்றால் ராத்திரி விளக்கு என்று பொருள்.

ஒரே ஒரு செல் கொண்ட உயிர். ஆனால் ஒரு செல்லுக்கு இது ராட்சதன், ஒரு மில்லிமீட்டர் வரைகூட வரும், அதையும் தாண்டும். கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும், ஜவ்வரிசியின் பேரப்பிள்ளை மாதிரி, பொடிசாக, கண்ணாடி உருண்டையாக, மேலாக மிதந்துகொண்டிருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பலூன், அதன் ஒரு பக்கம் பிளவுபட்டு அங்கிருந்து ஒரு சின்ன வால். அந்த வாலால்தான் இரையைப் பிடிக்கும். பாசி என்று பலர் எழுதுகிறார்கள், இது பாசியைத் தின்கிற ஜாதி. டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி, மற்ற மிதவை உயிர்கள், மீன் முட்டைகூட விட்டுவைக்காது.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். செல்லுக்குள் சின்டிலான் என்று பொடிப்பொடியான உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் லூசிஃபெரின் என்ற பொருளும் அதை எரியவைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் தயாராக உட்கார்ந்திருக்கும், ஆனால் சும்மா இருக்கும். அலை அடித்தாலோ, நீங்கள் குலுக்கினாலோ, செல்லின் சவ்வு அமுங்கி ஒரு மின் துடிப்பு ஓடும். அது ஓடியதும் நடுவில் இருக்கும் பெரிய குமிழியில் இருந்து அமிலத்தன்மை சின்டிலானுக்குள் பாயும், ரசத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. அமிலம் ஏறியதும் நொதி விழித்துக்கொள்ளும், லூசிஃபெரின் ஆக்சிஜனோடு சேரும், பளிச். பத்தில் ஒரு பங்கு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் ஏழெட்டு முறை குலுக்கியதில் கையிருப்பு லூசிஃபெரின் செலவாகிவிட்டது. கடலில் இருந்தால் ஓய்வெடுத்துத் தின்று மறுபடி சேர்த்துக்கொள்ளும். மூடிய பாட்டிலில் சாப்பாடும் இல்லை, ஆக்சிஜனும் குறைகிறது, குளியலறைச் சூடு வேறு. மறுநாளைக்கு அநேகமாகச் செத்திருக்கும்.

எதற்காக மின்ன வேண்டும் என்று உங்கள் பையன் அடுத்துக் கேட்பான் (கேட்காவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்). இதைத் தின்ன வருபவை கோபிபாட் என்ற சின்னஞ்சிறு இறால் சொந்தக்காரர்கள். அவை தொட்டதும் பளிச்சிட்டால் தின்ன வந்தவன் மிரண்டு ஓடலாம். அல்லது அந்த வெளிச்சத்தைப் பார்த்து மீன் வந்து அந்தக் கோபிபாட்டையே விழுங்கலாம். வீட்டுக்குள் திருடன் நுழைந்ததும் வாசல் விளக்கைப் போட்டு ஊரைக் கூப்பிடுகிற கதை. நீலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு, கடல் தண்ணீருக்குள் அதிக தூரம் போகிற நிறம் அதுதான்.

லைஃப் ஆஃப் பை 2012இல் வந்தது, ஆங் லீ எடுத்தது. கதையில் வருகிற பையன் நம் புதுச்சேரிக்காரன்தான், ஆனால் கடல் காட்சிகளை எடுத்தது தைவானில் கட்டிய பெரிய அலைத்தொட்டியில், மற்றதெல்லாம் கணினி. இருட்டைப் பார்க்கும் நம் கண்ணின் குறை எந்தப் படத்திலும் வராது, அதனால் திரையில் வருவது எப்போதும் நிஜத்தைவிட அழகுதான். சம்பந்தமே இல்லாத கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். டால்பின் கூட்டம் இப்படிப்பட்ட தண்ணீரில் நீந்தினால் அதன் உடல் வடிவமே ஒளிக்கோடாகத் தெரியும், படம் பிடித்திருக்கிறார்கள்.

கை விட்டதற்குப் பயம் வேண்டாம். நாக்டிலூக்கா நஞ்சு சுரப்பதில்லை. ஆனால் மிதப்பதற்காக உடம்புக்குள் அம்மோனியா சேர்த்து வைத்திருக்கும், கெட்டியாகத் திரண்ட இடத்தில் சிலருக்குத் தோல் அரிக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

கழிவு விஷயத்தில் தத்துவம் சொல்வதில் பாதி இருக்கிறது. மழைத் தண்ணீரும் சாக்கடையும் கடலில் சேர்க்கும் சத்துகளால் டயாட்டம் பெருகும், அதைத் தின்று இது பெருகும். அந்த வாரம் பெய்த மழைக்குப் பிறகு இப்படி நடந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் கழிவே இல்லாத காலத்திலும் கடல் மின்னித்தான் இருக்கிறது, ஆழத்துத் தண்ணீர் மேலே வரும் பருவங்களில் சத்து தானாகவே கிடைக்கும். ஒரு ராத்திரி மின்னியதை வைத்து யார் மீதும் பழி போட எனக்குத் தைரியம் இல்லை.

பாம்பன் கரையான்:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் "பயம் வேண்டாம்" என்பதை எங்கள் ஊரில் வந்து சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் இதைப் பூங்கோரை என்போம். அப்பா வள்ளத்தில் போகும் ஆள், நானும் காலேஜ் சேரும்வரை கூடப் போயிருக்கிறேன். ராத்திரி வலை இழுக்கும்போது கயிறு நெடுக நெருப்புப் பொறி மாதிரி ஓடும், மீன் ஓடுகிற தடம் தெரியும். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கை.

2019 செப்டம்பரில் வந்தது வேடிக்கை இல்லை. சென்னையில் நீங்கள் எல்லாம் செல்ஃபி எடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. எங்கள் பக்கம் பகலிலேயே கடல் பச்சை, அரைத்த கீரையைக் கொட்டின மாதிரி கொழகொழவென்று. குப்பென்று ஒரு வாடை. கரையோரம் மீன் செத்து ஒதுங்கியது, பாறைக்குள் ஒளிந்து வாழ்கிற மீன்கள்தான் அதிகம், ஓடித் தப்பிக்கத் தெரியாதவை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். 2008லும் இதே மாதிரி வந்தது, அப்போது நான் பள்ளிக்கூடம். சந்தையில் ஒரு வாரம் எங்கள் மீனை யாரும் தொடவில்லை, நல்ல மீனையும் சேர்த்து.

பச்சை ஏன், சென்னையில் பச்சை இல்லையே என்று அப்போதே கேட்க நினைத்தேன். அக்கா பதில் சொல்லுங்கள்.

பிளாங்க்டன் அக்கா:

நல்ல இடத்தில் கொட்டு வைத்தீர்கள் தம்பி, நான் பயம் வேண்டாம் என்றது பையனின் கைக்கு மட்டும், மீனுக்கு அந்த வாக்குறுதி கிடையாது.

நாக்டிலூக்காவில் இரண்டு வகை. ஒன்று வெறும் வேட்டைக்காரன், கூட்டமாகச் சேர்ந்தால் பகலில் தக்காளி சூப் நிறத்தில் தெரியும். இன்னொன்று பச்சை, அதன் பலூனுக்குள் ஆயிரக்கணக்கில் குட்டிப் பாசிகள் குடியிருக்கும், முன்பு பெடினோமோனஸ் என்றார்கள், இப்போது புரோட்டோயூக்ளீனா என்று பெயர். அவை வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கின்றன. மன்னார் வளைகுடாவில் வந்தது இந்தப் பச்சை வகை. அரபிக் கடலில் குளிர்காலத்தில் மாபெரும் பரப்பில் பெருகுவதும் இதேதான்.

மீன் செத்தது பெரும்பாலும் மூச்சுத் திணறி. கோடிக்கணக்கில் பெருகியவை ராத்திரியில் மூச்சுவிடவும், செத்தபிறகு அழுகவும், தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் காலியாகிவிடும். அம்மோனியாவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த 2019 நிகழ்வில் மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒன்றான சிங்கில் தீவைச் சுற்றி லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே ஆக்சிஜன் இறங்கியது, மீனோடு பவளமும் செத்தது. வேகமாக வளரும் அக்ரோபோரா வகைப் பவளங்களுக்குத்தான் அடி பலம். மீன் நீந்திப் போகலாம், பவளம் எங்கே போகும். நான் படித்ததிலேயே மனசு கனத்துப்போன கட்டுரை அது. நம் ஊர் செய்திகளில் சென்னை செல்ஃபிக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

அரைவேக்காட்டு விஞ்ஞானி:

சூழ்நிலை கனத்துவிட்டது, இரண்டு கதை சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பல்லோ 13 விண்வெளி வீரர் ஜிம் லவல் தெரியும் இல்லையா. அவர் 1954இல் கடற்படை விமானியாக ஜப்பான் பக்கம் ராத்திரி பறந்துகொண்டிருக்கிறார். இறங்க வேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கே என்று தெரியவில்லை. வரைபடம் பார்க்க ஒரு குட்டி விளக்கைச் செருகியதும் ஃப்யூஸ் போய்க் காக்பிட் முழுக்க இருட்டு. அந்த இருட்டில்தான் கீழே கடலில் மங்கலாக ஒரு ஒளிக்கோடு தெரிந்திருக்கிறது. கப்பலின் விசிறி கலக்கிவிட்ட மிதவை உயிர்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் இறங்கிவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது. வாத்து, இதைத்தான் லென்ஸ் உங்களுக்குச் சொன்னார். அப்பல்லோ 13 படத்திலும் இந்தக் கதையை அவர் வாயாலேயே சொல்வதாக வரும்.

இரண்டாவது கதை உங்கள் குளியலறைக்குப் பக்கத்து வீடு. ஒசாமு ஷிமோமுரா என்று ஒரு ஜப்பானியர், 1961இல் அமெரிக்காவில் ஜெல்லி மீன் எப்படி ஒளிர்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் உதவாத கரைசல் என்று தொட்டியில் கொட்டினால் தொட்டியே நீலமாகப் பளிச்சிட்டது. தொட்டியில் கடல் தண்ணீர் வழிந்து வந்துகொண்டிருந்தது, அதில் இருந்த கால்சியம்தான் திரி. பிறகு பல கோடைகள் மனைவி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வலை போட்டுப் பிடித்த ஜெல்லி மீன்கள் மொத்தம் எட்டரை லட்சம். அதே ஜெல்லி மீனில் கிடைத்த பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல், இன்னும் இருவரோடு சேர்த்து. இன்று புற்றுநோய் செல் எங்கே நகர்கிறது என்று எலிக்குள் பார்க்கும் ஆய்வுக்கூடங்களில் அந்தப் புரதம் இல்லாமல் வேலை நடக்காது. உங்கள் பையன் குலுக்கிய பாட்டிலைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

மூணாவது லென்ஸ்:

ஒரு கூடுதல் தகவல். பார்த்தே ஆக வேண்டும் என்றால் கொச்சி பக்கம் கும்பளங்கி இருக்கிறது, அங்கே இதைக் கவரு என்கிறார்கள். 2019இல் கும்பளங்கி நைட்ஸ் படத்தில் காட்டினார்கள், அதிலிருந்து கோடையில் கவரு பார்க்கவே கூட்டம் போகிறது. காயல் தண்ணீரில் உப்பு ஏறும் மாதங்களில் போக வேண்டும். அங்கேயும் கூட்டம் டார்ச் அடித்துக்கொண்டுதான் நிற்கும் என்பது வேறு விஷயம்.

வேளச்சேரி வாத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாம்பன் தம்பி எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஒரு வாரம் அவங்க வீட்ல என்ன சாப்பிட்டாங்க?" பதில் இருந்தால் எழுதுங்கள் தம்பி.

பாட்டில் நேற்று நாற ஆரம்பித்துவிட்டது, கொட்டியாச்சு. கொட்டும் முன் டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். ஜவ்வரிசி பேரப்பிள்ளைகளைக் காணவில்லை, அடியில் கொஞ்சம் அழுக்குதான். அடுத்த அமாவாசை நவம்பர் 1, தீபாவளிக்கு மறுநாள். அதுவரை கடலில் இது தாங்குமா?

பாம்பன் கரையான்:

கருவாடும் கஞ்சியும்தான் அக்கா, அம்மா எப்போதும் கொஞ்சம் கருவாடு வைத்திருப்பார். மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

பிளாங்க்டன் அக்கா:

அமாவாசைவரை தாங்கும் என்று சொல்ல முடியாது, காற்றும் நீரோட்டமும் மாறினால் இரண்டு நாளில் காணாமல் போகும். மூன்று நாளாக ராத்திரி போய்ப் பார்க்கிறேன், இன்று ஒன்றும் இல்லை. அமாவாசைக்குப் போவதானால் பத்து மணிக்கு மேல் போங்கள், போனைக் காரிலேயே வைத்துவிடுங்கள், பையனை ஈர மணலில் காலால் உரசச் சொல்லுங்கள். அலையில் தெரியாதபோதும் சில நேரம் ஈர மணலில் கால் பட்ட இடத்தில் நாலைந்து பொறி கிளம்பும்.